ஸ்மார்ட் போர்டு கைவிரித்தால்: அறிகுறி பார்த்து மாற்றுப் பாடம்

பத்தாம் வகுப்புக்கு இதயம் நடத்த வேண்டிய நாள். முந்தின இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து ஒரு வீடியோவைத் தேடி, தேவையான பகுதியை மட்டும் வெட்டி, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனேன். வகுப்பில் திரை நீலமாகவே நின்றது. கேபிளைக் கழற்றினேன், மாட்டினேன், ரிமோட்டைத் தட்டினேன், அதன் பேட்டரியை உருட்டிப் பார்த்தேன். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் இருபத்தெட்டு நிமிடம் இதற்கே போனது. ஒருவழியாகப் படம் வந்தபோது ஒலி வரவில்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், விடுங்க சார். நீங்களே சொல்லிடுங்க."

சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்பதுதான் அன்றைய பிரச்சினை. தயாரிப்பு மொத்தமும் அந்த வீடியோவுக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று பழக்கங்கள் வந்தன. ஒன்று, மூன்று நிமிடக் கணக்கு. கருவி மக்கர் செய்தால் அதோடு மல்லுக்கட்ட மூன்று நிமிடம்தான். கடிகாரத்தைப் பார்ப்பது நானில்லை, முதல் பெஞ்சில் ஒரு மாணவி. "சார், மூணு நிமிஷம்" என்று அவள் சொன்னால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட வேண்டும். நாமே கணக்கு வைத்துக்கொண்டால் 'இதோ வந்துவிட்டது' என்று பத்து நிமிடம் ஓடிவிடும்.

இரண்டாவது, பாடக்குறிப்பு எழுதும்போதே ஓரத்தில் ஒரு வரி: திரை இங்கே எதற்கு? அசையாத படத்தைக் காட்டவா, அசைவைக் காட்டவா, குரலைக் கேட்க வைக்கவா, இல்லை மாணவர்களை எதையாவது செய்து பார்க்க வைக்கவா? மாற்றுப் பாடம் என்று இன்னொரு முழுப் பாடத்தை எழுதத் தேவையில்லை. திரை செய்யவிருந்த அந்த ஒரு வேலையை வேறு எதைக் கொண்டு செய்வது என்று தெரிந்தால் போதும். பல பாடங்களில் இந்த வரியை எழுத உட்கார்ந்தபோது, திரைக்கு அங்கே வேலையே இல்லை என்று தெரிந்தது. அது வேறு கதை.

மூன்றாவது, ஒரு பழுப்புக் கவர். அதில் என்ன இருக்கும் என்பது கீழே ஆங்காங்கே வரும்.

இனி அறிகுறிகள். உங்கள் வகுப்பில் நடப்பது எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

மின்சாரமே இல்லை

முதலில் மின்விசிறியைப் பாருங்கள். அது சுற்றுகிறது, புரொஜெக்டர் மட்டும் இறந்துகிடக்கிறது என்றால் கரண்ட் போகவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்ச், தளர்ந்துபோன பிளக், கீழே விழுந்திருக்கும் எம்சிபி (மின்சாரப் பெட்டியில் தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். எம்சிபியை ஒரு முறை தூக்கிவிடலாம். மறுபடி விழுந்தால் தொடாதீர்கள், எலக்ட்ரீஷியன் வரட்டும்.

விசிறியும் நின்றுவிட்டது, பக்கத்து வகுப்பிலிருந்து "ஓ..." என்ற சத்தமும் வருகிறது என்றால் மின்தடைதான். யூபிஎஸ் கத்தத் தொடங்கியிருக்கும். பல பள்ளிகளில் யூபிஎஸ் கணினிக்கு மட்டும்தான் இணைப்பு, புரொஜெக்டருக்கு இருக்காது. கிடைக்கிற நிமிடங்களைக் கணினியை ஒழுங்காக அணைக்கப் பயன்படுத்துங்கள். "சார், கம்ப்யூட்டர் மானிட்டர்லயே பார்த்துக்கிறோம்" என்று நாற்பது பேரும் எழுந்து வருவார்கள். வேண்டாம்.

ஐந்து நிமிடத்தில் கரண்ட் திரும்பி வந்தாலும் உடனே புரொஜெக்டருக்கு ஓடாதீர்கள். விளக்கு வைத்த பழைய வகை புரொஜெக்டர் சூட்டோடு அணைந்தால் உடனே எரியாது. உள்ளே பாதரச ஆவியின் அழுத்தம் இறங்கும் வரை சில நிமிடங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். மறுபடி மறுபடி பொத்தானை அமுக்கினால் விளக்கின் ஆயுள்தான் குறையும். எல்இடி, லேசர் வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பராமரிப்புக்காக மின்வாரியம் செய்யும் தடை முன்கூட்டியே தெரிந்துவிடும். செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் 'நாளை மின்தடை' என்று வரும், பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து. அந்தச் செய்தி துணைமின் நிலையத்தின் பெயரில்தான் தொடங்கும். உங்கள் பள்ளி எந்தத் துணைமின் நிலையத்தில் வருகிறது என்று ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் தேடி ஏமாந்தவன் நான்.

மாற்றுப் பாடத்துக்கு வருவோம். ஏப்ரல் மாதம், விசிறி இல்லாத அறை, நாற்பது பிள்ளைகள். அங்கே எந்த மாற்றுப் பாடமும் எடுபடாது. ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். வெளியேதான் நடத்த முடியும் என்ற பாடங்களும் இருக்கின்றன. ஆறாம் வகுப்பின் சூரியக் குடும்பம் அதில் ஒன்று.

கவரிலிருந்து ஒரு வெள்ளைக் கொண்டைக்கடலையும் கொஞ்சம் கடுகும் எடுங்கள். ஏறக்குறைய 1 செ.மீ. உள்ள கடலைதான் பூமி. பெரிய கடுகாக ஒன்று பொறுக்கினால் அது நிலா. நிலாவை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று கேளுங்கள். எல்லாரும் கடலைக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பார்கள். சரியான தூரம் 30 செ.மீ., ஒரு ஸ்கேல் நீளம். அப்புறம் தரையில் சாக்பீஸால் 109 செ.மீ. குறுக்களவில் ஒரு வட்டம். அது சூரியன். பூமியைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை அங்கிருந்து 117 மீட்டர் நடக்க வேண்டும். பல பள்ளிகளில் கேட் தாண்டிவிடும். வியாழன் உரித்த தேங்காய் அளவு, கிட்டத்தட்ட 600 மீட்டரில். நெப்டியூன் மூன்றரை கிலோமீட்டருக்கு அப்பால். "நம்ம ஊர்ல இருந்து மூன்றரை கிலோமீட்டர்ல என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு, ரைஸ் மில், மாமா வீடு என்று வகுப்பே சண்டை போடும். திரையில் கோள்களெல்லாம் கோலிக்குண்டுகளாய் வரிசையாய் நிற்கும் படத்தைக் காட்டினால் இந்தச் சண்டை வராது. தூரம் பற்றி அந்தப் படம் சொல்வதும் தவறு.

நீலத் திரை, 'சிக்னல் இல்லை'

இதுதான் அடிக்கடி வருவது. மூன்று நிமிடத்துக்குள் இந்த வரிசையில் பாருங்கள்.

ரிமோட்டிலோ கருவியின் மேலேயோ 'சோர்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். கேபிள் மாட்டியிருப்பது எச்டிஎம்ஐ ஒன்று என்ற துளையில், கருவி தேடிக்கொண்டிருப்பது எச்டிஎம்ஐ இரண்டில் என்பதுதான் பாதி நேரம் கதை. அது சரியென்றால் கணினியில் விண்டோஸ் விசையோடு 'பி' எழுத்தை அமுக்கி, 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் வரவில்லையா? கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி, அழுத்தி மாட்டுங்கள். பழைய நீலத் தலை விஜிஏ கேபிள் என்றால் முனையைத் திருப்பிப் பாருங்கள். ஊசி ஒன்று மடங்கியிருந்தால் படம் வராது, வந்தாலும் மஞ்சளோ ஊதாவோ பூசிக்கொண்டு வரும். கடைசியாக, புரொஜெக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியை ஒரு முறை ரீஸ்டார்ட். அதற்குள் "சார், மூணு நிமிஷம்" வந்துவிடும்.

திரையில் காட்ட நினைத்தது அசையாத படம் என்றால் கவலையே வேண்டாம். நாற்பது பேர் கையிலும் நாற்பது வண்ணப் படங்கள் இருக்கின்றன. அரசு இலவசமாகக் கொடுத்த பாடப்புத்தகத்தைத்தான் சொல்கிறேன். ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு நாம் மறந்துபோனது அதைத்தான். பாடக்குறிப்பின் ஓரத்தில் பக்க எண்ணை மட்டும் எழுதி வையுங்கள். ஒருவர் புத்தகத்தைப் பார்த்து வாயால் மட்டும் விவரிக்க, இன்னொருவர் பார்க்காமல் வரைய வேண்டும் என்று இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுங்கள். 'அந்தப் பக்கம் ஒரு குழாய் மாதிரி' என்று சொல்லிப் பார்த்துத் தோற்ற பிறகு, பாகங்களின் பெயர் எதற்கு என்று அவர்களுக்கே புரியும்.

காட்ட நினைத்தது அசைவு என்றால் அது கொஞ்சம் கடினம். நான் சொதப்பிய இதயப் பாடத்துக்கு இப்போது கவரில் இருப்பது இருபது சிவப்புத் துண்டுச் சீட்டு, இருபது நீலத் துண்டுச் சீட்டு, இரண்டு சாக்பீஸ். அவ்வளவுதான்.

பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, தரையில் நான்கு பெரிய கட்டங்கள். அவைதான் இதயத்தின் நான்கு அறைகள்: மேலே இரண்டும் ஆரிக்கிள், கீழே இரண்டும் வெண்ட்ரிக்கிள். ஒரு மூலையில் நுரையீரல், எதிர் மூலையில் கால் பெருவிரல். பிள்ளைகள்தான் இரத்தம். கால் விரலில் சிவப்புச் சீட்டைக் கொடுத்துவிட்டு நீலத்தை வாங்கிக்கொண்டு வலது ஆரிக்கிளுக்குள் நுழைய வேண்டும். அங்கிருந்து வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி வழியாக நுரையீரல். அங்கே நீலத்தைக் கொடுத்துச் சிவப்பை வாங்கி, நுரையீரல் சிரை வழியாக இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, மறுபடி கால் விரல். மூவிதழ் வால்வுக்கு மூன்று பேரும் ஈரிதழ் வால்வுக்கு இரண்டு பேரும் கைகோத்து நிற்பார்கள். முன்னே போகிறவர்களுக்குக் கையைத் திறப்பார்கள், திரும்பி வருகிறவர்களை விட மாட்டார்கள். ஒரு குறும்புக்காரனைத் திரும்பி ஓடச் சொல்லுங்கள். வால்வு எதற்கு என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆட்டத்தில் ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். நுரையீரல் தமனியில் நிற்கும் பிள்ளைகளைச் சீட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் நீலம். 'தமனி என்றால் ஆக்சிஜன் உள்ள இரத்தம்' என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள் அங்கே விழிப்பார்கள். இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்கு வருவது சிரை என்ற இலக்கணத்தை அந்த இடத்தில் சொன்னால் ஒட்டிக்கொள்ளும். அந்த வீடியோவை இப்போதும் வைத்திருக்கிறேன். கருவி வேலை செய்தால் இந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் போடுகிறேன்.

படம் வருகிறது, தமிழ் எழுத்து வரவில்லை

வீட்டுக் கணினியில் அழகாக இருந்த ஸ்லைடு, பள்ளிக் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாய்க் கொட்டிக் கிடக்கும். காரணம் எளிது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் நாம் தட்டச்சு செய்யும்போது கோப்பில் பதிவாவது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு மேலே தமிழ்ச் சட்டை போட்டுவிடுகிறது. சட்டை இல்லாத கணினியில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது.

அந்த எழுத்துருக் கோப்பு பென் டிரைவில் இருந்தால், அதை இரட்டைச் சொடுக்கி நிறுவி, பவர்பாயிண்டை மூடித் திறங்கள். சில கணினிகள் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அது யாருக்கும் தெரியாது என்பதால் அங்கேயே விட்டுவிடலாம்.

இன்னொரு வகை உண்டு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில்தான் அடித்தீர்கள், ஆனால் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம், நடுவில் புள்ளியிட்ட வட்டம் என்று வருகிறது. தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாத பழைய மென்பொருளில் திறந்தால் இப்படித்தான். எழுத்துருவை மாற்றினாலும் சரியாகாது.

இரண்டுக்கும் நிரந்தர மருந்து ஒன்றே: வீட்டிலேயே பிடிஎஃப் ஆக மாற்றி, அதையும் பென் டிரைவில் போட்டுக்கொள்வது. பிடிஎஃப்-இல் எழுத்தின் வடிவமும் கோப்போடு சேர்ந்தே வந்துவிடும். அனிமேஷன் போய்விடும், போகட்டும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இனிமேல் புதிதாக அடிப்பதையாவது நிர்மலா போல விண்டோஸோடு வரும் யூனிகோடு எழுத்துருவில் அடித்தால் இந்த வம்பே இல்லை.

இதற்கு மாற்றுப் பாடம் என்ன? வெறும் எழுத்தாக இருந்த ஸ்லைடு போனதில் இழப்பு ஒன்றுமில்லை. கரும்பலகையில் எழுதுங்கள். நீங்கள் எழுதும் வேகமும் அவர்கள் எழுதும் வேகமும் ஒன்றாக இருப்பது ஒரு வசதி. ஸ்லைடில் அது கிடையாது.

படம் உண்டு, ஒலி இல்லை

எச்டிஎம்ஐ மாட்டியவுடன் கணினி ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பிவிடும். புரொஜெக்டரில் ஸ்பீக்கர் இருக்காது, அல்லது கொசு மாதிரி முனகும். கீழே வலது மூலையில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டி, வெளியே மாட்டியிருக்கும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

வரவில்லை என்றால் கேபிளோடு போராட வேண்டாம். ஒலியில்லாமலே ஓட விடுங்கள். ஒரு முறை சும்மா பார்க்கட்டும். இரண்டாவது முறை நான்கு பேர் கொண்ட குழுவாக உட்கார்ந்து வர்ணனை எழுதட்டும். மூன்றாவது முறை ஒரு குழு முன்னால் வந்து பேச வேண்டும், படம் ஓடிக்கொண்டிருக்கும். கிரிக்கெட் வர்ணனை பாணியில் ஒளிச்சேர்க்கையைச் சொன்ன குழு ஒன்று என் வகுப்பில் இருந்தது. இப்போதெல்லாம் ஸ்பீக்கர் நன்றாக வேலை செய்யும் நாளிலும் சில சமயம் நானே ஒலியை அணைத்துவிடுகிறேன்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

இணையம் மெதுவென்றால் வீடியோவின் தரத்தை 360-க்கு இறக்கிப் பாருங்கள். போனின் ஹாட்ஸ்பாட்டையும் ஒரு முறை முயலலாம். இணையத்திலிருந்து நேராக ஓட்டுவதை நம்பிப் பாடம் தயாரிப்பதே சரியில்லை என்பது என் கட்சி. 2018-19 கல்வியாண்டு முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு இருக்கிறது. அதை முந்தின நாளே வீட்டில் ஸ்கேன் செய்து, தரவிறக்க முடிந்ததையெல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளலாம். திக்‌ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் அந்த வசதி உண்டு.

இதில் ஒரு வினோத அறிகுறி இருக்கிறது. இணையம் இருக்கிறது, போனில் எல்லாம் திறக்கிறது, பள்ளிக் கணினியில் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மிரட்டுகிறது. உடனே வைரஸ் என்று பதறாதீர்கள். கீழே மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டால், கரண்ட் போகும்போதெல்லாம் கணினி தேதியை மறந்துவிடும். தளங்களின் சான்றிதழ்களுக்குக் காலக்கெடு உண்டு என்பதால், தேதி தவறானால் எல்லாமே செல்லாதவையாகத் தோன்றும். தேதியைத் திருத்தினால் ஒரு நிமிடத்தில் சரி. பிறகு லேப் பொறுப்பாளரிடம் சொல்லி சிஆர்2032 பேட்டரி ஒன்று மாற்றச் சொல்லுங்கள். விலை மிகக் குறைவு.

இணையத்தில் மாணவர்களைச் செய்து பார்க்க வைக்கும் 'சிமுலேஷன்' எதையாவது நம்பியிருந்தால், அதற்கு மாற்று நேரடியாகச் செய்வதுதான். தனி ஊசலுக்கு நூலும் கல்லும் போதும். கல்லின் நடுப்பகுதி வரை 100 செ.மீ. நூலில் 20 அலைவுக்கு 40 நொடி ஆகும். 25 செ.மீ. நூலில் 20 நொடி. நீளம் நான்கில் ஒன்றானால் நேரம் பாதிதான் குறைகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஒளிவிலகலுக்கு எவர்சில்வர் கிண்ணமும் ஒரு நாணயமும். விளிம்பு நாணயத்தை மறைக்கும் வரை பின்னால் நகர்ந்து நிற்கச் சொல்லி, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். மறைந்த காசு எழுந்து வரும்.

ஒரு இடத்தில் தொட்டால் வேறு இடத்தில் எழுதுகிறது

அமைப்புகளில் 'கேலிபரேஷன்' என்று இருப்பதை ஓட்டி, காட்டும் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே போனால் பெரும்பாலும் சரியாகும். தொடுவதே பலிக்கவில்லை என்றால், தொடு உணர்வுக்கென்று தனியாகப் போகும் யூஎஸ்பி கேபிள் கழன்றிருக்கும். எச்டிஎம்ஐ படத்தையும் ஒலியையும் மட்டும்தான் கொண்டுபோகும்.

யாரும் தொடாமலே கோடு இழுக்கிறதா? பேய் இல்லை, சாக்பீஸ் தூள். பல போர்டுகளில் சட்டத்துக்குள் இருந்து அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். விரல் அதை மறைப்பதைத்தான் தொடுதலாகக் கருவி எடுத்துக்கொள்கிறது. சட்டத்தின் இடுக்கில் தூள் படிந்தாலும் அதையும் விரல் என்று நினைக்கும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலும் குழம்பும். உலர்ந்த மெல்லிய துணியால் நான்கு ஓரங்களையும் துடையுங்கள், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். கரும்பலகைக்குப் பக்கத்திலேயே ஸ்மார்ட் போர்டை மாட்டுவதன் பலன் இது. மாற்றுப் பாடம் தேவையில்லை, மவுஸ் போதும்.

புரொஜெக்டர் பத்து நிமிடத்தில் தானாக அணைகிறது

சூடு. பக்கவாட்டில் இருக்கும் வடிகட்டியில் தூசி கம்பளி போல அப்பியிருக்கும். கருவி நன்றாக ஆறிய பிறகு கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யலாம், ஆனால் அன்றைய வகுப்பில் இல்லை. அன்றைக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பத்து நிமிடத்தில் முக்கியமானதைக் காட்டிவிடுங்கள்.

பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கிறது

வைரஸ். எதையும் சொடுக்காதீர்கள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைந்திருக்கும். அதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அதே கோப்பின் இன்னொரு பிரதி போனில் இருந்தால், சார்ஜர் வயரால் போனைக் கணினியில் மாட்டி எடுத்துவிடலாம். பள்ளிக்குப் பள்ளி அலையும் பென் டிரைவை வீட்டுக் கணினியில் குத்தும் முன் ஸ்கேன் செய்யுங்கள்.

மாற்றுப் பாடம் கையில் இருந்தும் வகுப்பு சிதறுகிறது

கருவியில் பழுதில்லை, நம் கவரில்தான் பழுது. எனக்கு நேர்ந்தவை இவை.

"கரண்ட் போயிடுச்சு, புக்கைத் திறந்து படிங்க" என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வார்கள். மாற்றுப் பாடம் என்ற வார்த்தையையே நான் வகுப்பில் சொல்வதில்லை. கவரை எடுத்து மேசையில் கொட்டுவேன். கடலையும் கடுகும் உருண்டால் பின்பெஞ்ச் தானாக எட்டிப் பார்க்கும்.

வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பதினைந்து நிமிடம் என்று நான் நினைத்தது ஏழு நிமிடத்தில் முடியும். அதனால் ஒவ்வொரு கவரிலும், முடித்தவர்களுக்கு என்று ஒரு கேள்வியை எழுதி வைக்கிறேன். 'இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் வலதைவிடத் தடிமன்?' மாதிரி. ஆட்டத்தில் கால் விரல் வரை ஓடியவர்கள் மூச்சிரைத்துக்கொண்டே பதில் சொல்வார்கள்.

அப்புறம் பூச்சி. ஒரு வருடம் திறக்காமல் வைத்திருந்த கவரில் கடலையை வண்டு துளைத்து மாவாக்கியிருந்தது. இப்போது பூமிக்குக் கோலிக்குண்டுகளில் மிகச் சிறியதைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். கடுகு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஊசல் நூலை முதல் நாளே வெட்டி, கல்லைக் கட்டி, நீளத்தைச் சரிபார்த்து, 25, 100 என்று சீட்டு ஒட்டி வையுங்கள். வகுப்பில் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் முடிச்சுப் போடவே பத்து நிமிடம் ஆகிவிடும். கத்தரிக்கோல் ஸ்டாஃப் ரூம் பீரோவில் இருக்கும். பீரோ சாவி அன்றைக்கு லீவு போட்டவரிடம் இருக்கும்.